ஸ்டார் டிரெக்கை மறுபடி பார்க்க உட்காருகிறவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைகுறையாகப் பார்த்த, விண்வெளிக் கப்பல் ஒன்றின் கதையான பழைய ஸ்டார் டிரெக் தொடரை, இப்போது 12 வயது மகளோடு சேர்ந்து முதலிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறீர்கள். 79 எபிசோடையும் பார்க்க வேண்டுமா, எந்த வரிசையில் பார்ப்பது, பழைய காட்சிகளா புதிதாகச் செய்து ஒட்டிய கிராஃபிக்ஸா, இத்தனை வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் அட்டை செட்டாகத் தெரிந்து ஆசையே போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆசை போகாது. கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் அப்போது கறுப்பு வெள்ளை டிவி. ஆங்கிலம் காதில் விழும், பாதிக்கு மேல் புரியாது. வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்கின் கூர்மையான காது, ஆட்கள் மினுமினுவென்று கரைந்து மறைவது, கதவு தானாக விலகும்போது வரும் அந்த ‘ஷ்ஷ்’ ஓசை, இவ்வளவுதான் மனதில் தங்கியது. சட்டைகளுக்கு நிறம் உண்டு, நிறத்தை வைத்து யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம் என்பதே எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எங்கள் டிவியில் கேப்டன் கர்க், ஸ்பாக், இன்ஜினியர் ஸ்காட்டி மூவருக்கும் ஒரே சாம்பல் சட்டை.

அன்றைக்கு நாம் பார்த்தது படம் மட்டும்தான். பேச்சு முழுக்க நம் தலைக்கு மேலே போய்விட்டது. ஆனால் இந்தத் தொடரின் உயிர் பேச்சில் இருக்கிறது. கப்பல் எங்கே போகிறது என்பதைவிட, ஒரு முடிவை எடுப்பதற்கு முன்னால் மூன்று பேர் ஓர் அறையில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். வேறு தொடரைப் பார்ப்பது போல இருக்கும்.

இப்படி அமைந்ததற்குப் பணம் ஒரு பெரிய காரணம். 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் முதல் எபிசோட் வந்தது. தயாரித்தது நடிகை லூசில் பாலின் டெசிலு ஸ்டுடியோ. வாரத்துக்கு ஒரு புதுக் கிரகம், புது உயிரினம், புது உடை என்று காட்ட வேண்டும். கையில் இருந்ததோ சாதாரணத் தொலைக்காட்சித் தொடருக்கான பணம். ஒவ்வொரு வாரமும் கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால் பிறந்ததுதான் ஆட்களைக் கரைத்து அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர். அந்த மினுமினுப்பு, வெளிச்சத்தில் அலுமினியத் தூளைக் கொட்டிப் படம் பிடித்தது. தானாகத் திறக்கும் கதவுகளைச் செட்டுக்குப் பின்னால் நின்ற ஆட்கள் கையால் இழுத்தார்கள். முதலில் ஒளிபரப்பான ‘த மேன் டிராப்’ எபிசோடில் உப்பைத் தேடி அலையும் ஒரு பிராணி வரும். அதற்காக விதவிதமான உப்புக் குடுவைகளை வாங்கி வந்தார்கள். பார்த்தால் உப்புக் குடுவை என்றே தெரியாத அளவுக்கு நவீனமாக இருந்ததால் அவற்றை அந்தக் காட்சியில் வைக்க முடியவில்லை. அவைதான் பிறகு டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகள் ஆயின. உங்கள் மகளிடம் இதைச் சொல்லிவிட்டு, அவர் ஒரு நோயாளியின் மேல் அந்தக் கருவியைப் பிடித்து நகர்த்தும் காட்சியைக் காட்டுங்கள்.

வெளிச்சத்தையும் பாருங்கள். சாம்பல் நிறச் சுவர்தான், ஆனால் ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபின்னர்மன் அதன்மேல் ஊதா, சிவப்பு, பச்சை விளக்குகளை அடித்து ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு மனநிலையைக் கொடுத்துவிடுவார். கர்க் ஒரு கஷ்டமான முடிவை நோக்கி வரும்போது முகத்தில் மற்ற இடமெல்லாம் நிழலாகி, கண்களின் மேல் மட்டும் ஒரு பட்டை வெளிச்சம் நிற்கும். செட்டில் காட்ட முடியாததை முகத்தில் காட்டினார்கள். அட்டை செட் என்ற எண்ணம் ஒரு எபிசோடுக்கு இருக்கும், இரண்டாவதில் மறந்துவிடுவீர்கள்.

இப்போது வரிசை. ஒளிபரப்பான வரிசையும் படமெடுத்த வரிசையும் வேறு வேறு. தொலைக்காட்சி நிறுவனத்துக்குப் போட்டுக்காட்டச் சோதனையாக எடுக்கும் எபிசோடை முன்னோட்டம் என்பார்கள். அப்படி இரண்டாவது முன்னோட்டமாக எடுத்த ‘வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்’ ஒளிபரப்பில் மூன்றாவதாக வந்தது. அதில் உடையும் வேறு, டாக்டரும் வேறு. அதற்கும் முன்னால் எடுத்து என்.பி.சி. வேண்டாம் என்று சொன்ன ‘த கேஜ்’ என்ற முன்னோட்டத்தில் கேப்டனே வேறு ஆள், ஜெஃப்ரி ஹண்டர். அதில் ஸ்பாக் முகம் மலரப் புன்னகைப்பார். இதையெல்லாம் நன்றாகப் பழகிய பிறகு பார்த்தால் சுவாரஸ்யம், ஆரம்பத்தில் பார்த்தால் குழப்பம். எந்த வரிசையாக இருந்தாலும் கதைக்கு நஷ்டமில்லை, ஒவ்வொரு எபிசோடும் தனிக் கதைதான். அதனால் 12 வயதுப் பிள்ளையோடு தொடங்குகிறவர் முதல் எபிசோடில் தொடங்க வேண்டாம் என்பேன். முதல் சீசனின் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

குறிப்பாக, ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’. 1966 டிசம்பர் 15 அன்று வந்தது, எழுதியவர் பால் ஷ்னைடர். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள், இந்த ஒரு எபிசோடுக்காகவே இந்தத் தொடரை யாரிடமும் சிபாரிசு செய்வேன்.

ஒரு கல்யாணத்தில் தொடங்குகிறது. கப்பலில் வேலை பார்க்கும் இருவருக்குக் கேப்டன் கர்க் முன்னின்று திருமணம் நடத்தி வைக்கிறார். அவர் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் எல்லைக் காவல் நிலையம் ஒன்று தாக்கப்பட்டதாக அபாய ஒலி. கல்யாணம் நின்றுவிடுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ரோமுலன்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அவர்களோடு ஒரு போர் நடந்திருக்கிறது, ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. சமாதான ஒப்பந்தம்கூட ரேடியோ வழியாகப் பேசி முடித்ததுதான். இப்போது முதல்முறையாகத் திரையில் எதிரியின் முகம் தெரிகிறது. அச்சாக ஸ்பாக்கின் முகம்! அதே காது, அதே புருவம்.

அந்த நொடியில் கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் இருக்கிற எல்லோரும் ஸ்பாக்கைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தப் போரில் தன் குடும்பத்தார் பலரைப் பறிகொடுத்த ஸ்டைல்ஸ் என்ற அதிகாரி மட்டும் வாயைத் திறந்து ஸ்பாக்கைக் குத்திக் காட்டுகிறார். கர்க் நாற்காலியிலிருந்து எழுந்து போய், உன் வெறுப்பை உன் அறையில் வைத்துவிட்டு வா, பிரிட்ஜில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிடுவார். குரலை உயர்த்தாமல் சொல்வார். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், பின்னால் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரியும் முன்னால் ஒரு ஜப்பானிய வம்சாவளி அதிகாரியும் உட்கார்ந்திருக்கும் அறையில் சொன்ன வார்த்தை அது. அந்த ஜப்பானிய வம்சாவளி அதிகாரி சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேய், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் சொந்தக் குடிமக்களையே ஜப்பானிய முகம் என்பதற்காக அடைத்து வைத்த முகாமில் குடும்பத்தோடு இருந்த சிறுவன். முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது என்றால் என்ன என்று அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு நன்றாகவே தெரியும்.

அதற்குப் பிறகு நடப்பது நீர்மூழ்கிக் கப்பல் சண்டை மாதிரி. எதிரியின் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் மறையும், ஆனால் தாக்க வேண்டுமென்றால் வெளியே தெரிந்தாக வேண்டும். இரண்டு கப்பலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அசையாமல் காத்திருக்கின்றன. கதை இரண்டு கேப்டன்களுக்கும் சமமாக இடம் கொடுக்கிறது. ரோமுலன் கேப்டனாக மார்க் லெனார்ட். களைத்துப்போன மனிதர், இந்தப் போரையே விரும்பாதவர், பழைய நண்பனைத் தன் கப்பலிலேயே சாகக் கொடுப்பவர். கர்க் அவரைப் பற்றி, நான் என்ன செய்திருப்பேனோ அதைத்தான் அவனும் செய்தான் என்பார். இறுதியில் தோற்றுப் போன அந்தக் கேப்டன் திரையில் வந்து, வேறொரு உலகில் என்றால் உன்னை நண்பன் என்று அழைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் தானே அழித்துக்கொள்வார்.

நடுவில் ஒரு காட்சி. கர்க் தன் அறையில் படுத்திருக்கிறார், மெக்காய் வருகிறார். நான் எடுத்த முடிவு தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று கர்க் கேட்கிறார். பதில் சொல்ல முடியாத கேள்வி. மெக்காய் பிரபஞ்சத்தின் அளவைச் சொல்லி, பூமி மாதிரி எத்தனையோ கிரகங்கள் இருக்கலாம், ஆனால் நம் ஒவ்வொருவரிலும் ஒரே ஒருவர்தான் இருக்கிறோம், அந்தக் கர்க்கை அழித்துவிடாதே என்பார். பத்து வயதில் இந்தக் காட்சி எனக்கு ‘எப்போது சண்டை வரும்’ என்று காத்திருந்த இடைவெளி. இப்போது இந்தக் காட்சிக்காகவே அந்த எபிசோடைப் போடுகிறேன். வேலையில் நாலு பேருக்குப் பொறுப்பாக ஒரு முடிவை எடுத்துவிட்டு இரவில் தூங்காமல் கிடந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

அப்புறம், கல்யாணம் நின்றுபோன அந்த மாப்பிள்ளை. அவர் என்ன ஆகிறார் என்பதை உங்கள் மகளே பார்க்கட்டும்.

இரண்டாவதாக ‘த டெவில் இன் த டார்க்’. 1967 மார்ச் 9. எழுதியவர் ஜீன் எல். கூன். தொடரை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் இன்று ஸ்டார் டிரெக் என்று மதிக்கிற குணத்தில் பெரும் பங்கு கூனுடையது என்பது என் உறுதியான அபிப்ராயம். ஒரு கிரகத்தில் சுரங்கம். தொழிலாளர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாறைக்குள் பாதை போட்டுக்கொண்டு வரும் ஏதோ ஒரு பிராணி கொல்கிறது. கர்க்கும் ஸ்பாக்கும் அதைக் கொல்ல வந்திருக்கிறார்கள்.

முதல்முறை பார்க்கிறவர் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. ஆரம்பத்தில் சுரங்க மேலாளரின் மேஜை மேல் ஓர் உருண்டைக் கல் அழகுப் பொருளாக இருக்கும். ஸ்பாக் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார். கீழே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, எதற்கும் உபயோகமில்லை என்று மேலாளர் சொல்வார். அவை முட்டைகள். புதிதாக ஒரு தளத்தைத் தோண்டும்போது அவற்றை உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்தப் பிராணி, ஹோர்ட்டா, தன் இனத்தில் மிஞ்சிய ஒரே தாய். இது தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால், அந்த முதல் காட்சியில் மேஜை மேலிருந்து கண்ணை எடுக்க முடியாது. நல்ல எழுத்து இரண்டாம் தடவைக்கு என்று ஒரு பங்கை எடுத்து வைத்திருக்கும். கதையின் முடிவை உங்களிடமிருந்து நான் இப்படிப் பறித்துக்கொண்டதற்கு மன்னியுங்கள், நீங்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன். மகளிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். தொடக்கத்தில் கொன்றே ஆக வேண்டும் என்பவர் கர்க், அபூர்வமான உயிர், கொல்லாமல் பிடிக்கலாமே என்பவர் ஸ்பாக். கர்க் தனியாக அதன் எதிரே மாட்டிக்கொண்டதும் இருவரும் இடம் மாறிவிடுவார்கள். நண்பனுக்கு ஆபத்து என்றதும், உடனே கொன்றுவிடுங்கள் என்று ஸ்பாக் குரல் கொடுப்பார். நேருக்கு நேர் பார்த்துவிட்ட கர்க்கால் சுட முடியாது. உணர்ச்சியே இல்லாதவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவரின் பாசம் அந்த ஒரு வரியில் வெளியே வந்துவிடும். ஹோர்ட்டா உடைக்குள் ஊர்ந்தவர் ஜானோஸ் புரொஹாஸ்கா என்ற ஸ்டண்ட் கலைஞர். அந்தப் படப்பிடிப்பின் நடுவில்தான் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்கு அப்பா இறந்த செய்தி வந்தது. அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். தெரிந்துகொண்டு பார்க்கும்போது சில காட்சிகளில் அவர் முகம் வேறு மாதிரி தெரிகிறது.

மூன்றாவது ‘த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’, 1967 ஏப்ரல் 6. எழுதியவர் ஹார்லன் எலிசன். அவர் எழுதியதைப் பிறர் நிறைய மாற்றினார்கள், அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. ஒளிபரப்பான வடிவம் 1968இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. 1930களின் நியூயார்க், ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் ஈடித் கீலர் என்ற பெண்ணாக ஜோன் காலின்ஸ். கதையைச் சொல்ல மாட்டேன். நடுவில் அவள் படிக்கட்டில் தடுக்கி விழப்போவாள், கர்க் சட்டென்று பிடித்துக்கொள்வார். மேலே ஸ்பாக் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல்முறை அது காதல் காட்சி. இரண்டாம் முறை பார்க்கும்போது எனக்கு அந்தப் படிக்கட்டில் மூச்சு நின்றுவிட்டது.

இந்த மூன்றுக்குப் பிறகு பிள்ளைக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். டேவிட் ஜெரால்டு எழுதிய ‘த டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ போடுங்கள். பஞ்சுருண்டை மாதிரிக் குட்டிப் பிராணிகள் பெருகிப் பெருகிக் கப்பலை நிறைக்கும், கர்க் தலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டும். அப்புறம் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடான ‘அமோக் டைம்’, ஸ்பாக்கின் சொந்தக் கிரகம். விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும் அந்த வணக்கம் அதில்தான் முதலில் வருகிறது. யூதக் கோயிலில் ஆசி வழங்கும்போது குருமார் கையை வைக்கும் விதத்தைச் சிறுவயதில் பார்த்த நினைவிலிருந்து, ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாய் எடுத்துக் கொடுத்தது. ‘மிரர், மிரர்’, ‘த டூம்ஸ்டே மெஷின்’, ‘ஸ்பேஸ் சீட்’ மூன்றையும் எப்போது வேண்டுமானாலும் போடலாம், ஏமாற்றாது.

எல்லா 79ஐயும் பார்க்க வேண்டுமா? முதல் சுற்றில் வேண்டாம். 25 போதும். மூன்றாம் சீசனில் நேரத்தை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளி, பணத்தையும் குறைத்துவிட்டார்கள். அதன் முதல் எபிசோடே ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகும் கதை. அதைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அதே சீசனில்தான் டி.சி. ஃபான்டானாவின் ‘த என்டர்பிரைஸ் இன்சிடென்ட்’ இருக்கிறது, ரோமுலன் கேப்டனாக ஒரு பெண். பல்கலைக்கழக நூலகரான ஜீன் லிசெட் அரோயெஸ்ட் எழுதிய ‘ஆல் அவர் யெஸ்டர்டேஸ்’ இருக்கிறது. பனிக் குகையில் ஸ்பாக் மனம் உடைவதைப் பார்த்துவிட்டு அந்தச் சீசனை யாரும் குறை சொல்ல முடியாது.

நெருடும் இடங்களும் உண்டு, மகளோடு பார்ப்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். பெண் அதிகாரிகளின் உடை, அவர்களைக் கேமரா பார்க்கும் விதம், அமெரிக்கப் பூர்வகுடிகளைக் காட்டிய ‘த பாரடைஸ் சின்ட்ரோம்’, இதெல்லாம் அந்தக் காலத்தின் குறை. எனக்கு மிகவும் வலிப்பது 1969 ஜூன் 3 அன்று வந்த கடைசி எபிசோட். கேப்டன் பதவி பெண்ணுக்குக் கிடைக்காது என்பதில் தொடங்கி, அதற்கு ஆசைப்பட்ட பெண்ணைப் பைத்தியமாக்கி முடிக்கிறார்கள். 1964இல் எடுக்கத் தொடங்கிய அந்த முதல் முன்னோட்டத்தில் கப்பலின் இரண்டாம் தலைமையே ஒரு பெண்தான். அங்கே தொடங்கியவர்கள் இங்கே வந்து முடித்தது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த எபிசோடை மறைக்காதீர்கள், ஆனால் கடைசியில் பாருங்கள், பார்த்துவிட்டு அவளோடு பேசுங்கள். கூடவே உஹூராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸின் கதையையும் சொல்லுங்கள். முதல் சீசன் முடிந்து விலக நினைத்தபோது, மார்ட்டின் லூதர் கிங் தன்னைச் சந்தித்துப் போகக் கூடாது என்று தடுத்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சரி, பழைய காட்சியா புதியதா? 2006 முதல் கப்பல், கிரகக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். ப்ளூரே வட்டில் இரண்டும் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். என் ஓட்டு பழையதற்கு. அந்தக் கப்பல் 11 அடி நீள மாதிரி, இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் பட்ட நிஜப் பொருளுக்கு ஒரு கனம் இருக்கிறது, அறைக்குள் இருக்கும் வெளிச்சத்தோடும் அது ஒட்டிப்போகிறது. ‘த டூம்ஸ்டே மெஷின்’ ஒன்றை மட்டும் புதிய வடிவத்தில் பாருங்கள், அதில் கணினி வேலை கதைக்கு உண்மையாகவே உதவுகிறது.

கடைசியாக, ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். வாரம் ஒன்று, முடிந்தால் ஞாயிறு காலை. ஒரு எபிசோட் சுமார் 50 நிமிடம். ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’ முடியும்போது, கர்க் அந்தக் கல்யாண அறையில், கல்யாணம் நின்றுபோன பெண்ணிடம் சில வார்த்தை பேசிவிட்டு வெளியே வந்து, ஆட்கள் போய் வந்துகொண்டிருக்கும் தாழ்வாரத்தில் தனியாக நடந்து போவார். ரிமோட்டைத் தூர வைத்துவிடுங்கள். அவர் நடந்து முடிக்கட்டும்.